20 நிமிஷத்துக்கு இவ்வளவு காசா? பழைய விமானத்துல ஏறலாமா, வேண்டாமா

கேள்வி: திருநகர்க்காரன், 2 ஏப்ரல்

அண்ணன் கேம்பிரிட்ஜ்ல இருக்கான். ஜூன்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போறோம். பக்கத்துல டக்ஸ்ஃபோர்டுன்னு ஒரு பழைய விமான தளம். 1930கள்ல வடிவமைச்ச விமானத்துல ஏத்தி 20 நிமிஷம் சுத்திக் காட்டுறாங்களாம். அதுக்குக் கேக்குற காசுல மதுரை - சென்னை ஜன்னல் சீட்டோட போயிட்டு வந்துரலாம். இது வெள்ளைக்காரன் பழம்பெருமைக்கு நாம கட்டுற மொய்னு நான் சொல்றேன். ஏறினவங்க யாராச்சும் இருந்தா மறுத்துச் சொல்லுங்க.

2 ஏப்ரல், இரவு

மறுக்கிறேன் தம்பி. அதே டக்ஸ்ஃபோர்டுல ஏறியிருக்கேன். டைகர் மாத், ரெண்டு அடுக்கு இறக்கை, தலைக்கு மேல கூரை கிடையாது. மகள் வீடு அங்கருந்து பக்கம்.

சென்னை விமானம் உங்களை ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் விடுது. இது ஏறின இடத்துலயே இறக்கி விட்டுரும். நடுவுல பறக்குறதுக்குத்தான் காசு. விவரமா நாளைக்கு எழுதுறேன், இப்ப கரண்ட் இல்ல.

3 ஏப்ரல்

நான் கீழவெளி வீதிப் பக்கம் என்ஜின் பட்டறை வச்சிருந்தவன். அதனால இறக்கையை விட என்ஜின்தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. அதைச் சொல்லாம எனக்கு மேல போக வராது.

ஜிப்சி மேஜர்னு பேரு. வரிசையா நாலு சிலிண்டர், காத்துல ஆறுற என்ஜின், 130 குதிரைத்திறன். கொள்ளளவு ஆறு லிட்டருக்கும் மேல. ஆறு லிட்டருக்கு வெறும் 130 தானான்னு இன்னிக்குப் பட்டறைப் பசங்க சிரிப்பாங்க. பிரொப்பெல்லர் நேரா கிராங்க் ஷாஃப்ட்லயே (என்ஜினோட சுத்துற தண்டு) மாட்டியிருக்கு, நடுவுல கியர் கிடையாது. அவ்வளவு நீளமான பிரொப்பெல்லரைக் கண்டபடி வேகமாச் சுத்துனா அதோட முனை ஒலியோட வேகத்தை நெருங்கி, இழுக்குற சக்தி வீணாப் போயிரும். அதனால நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துப் பக்கத்துல நிதானமா ஓடுறதுக்குன்னே செஞ்சது இது.

இன்னொரு விசேஷம், என்ஜின் தலைகீழா உக்காந்திருக்கு. கிராங்க் ஷாஃப்ட் மேல, சிலிண்டர் ஹெட் கீழ. அப்படி வச்சாத்தான் பிரொப்பெல்லர் தரையில தட்டாம உயரத்துல நிக்கும், மூக்கும் ஓட்டுறவர் பார்வையை அவ்வளவா மறைக்காது. ஆயில் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். நின்ன விமானத்துக்கு அடியில தட்டு வச்சிருந்தாங்க.

செல்ஃப் ஸ்டார்ட் இல்ல. ஒருத்தர் முன்னால நின்னு கையால சுத்தணும். முதல்ல கார்புரேட்டரை டிக்கிள் பண்ணி பெட்ரோலை வழிய விடுறாங்க (பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டினவங்களுக்குத் தெரியும்). சுவிட்சை அணைச்சு வச்சுக்கிட்டு பிரொப்பெல்லரை மெதுவாத் திருப்பி சிலிண்டருக்குள்ள இழுக்க விடுறாங்க. அப்புறம் "காண்டாக்ட்"னு ஒரு குரல், பதிலுக்கு இன்னொரு குரல், ஒரு சுண்டு. பிளக்குக்குத் தீப்பொறி குடுக்குற மேக்னெட்டோ "டக்"னு அடிக்குது, என்ஜின் பிடிச்சிருச்சு. அந்த நேரத்துல என் கை தானா சட்டைப் பையில ஸ்பேனரைத் தேடுச்சு.

சிலிண்டருக்கு ரெண்டு பிளக், விமானத்துக்கு ரெண்டு மேக்னெட்டோ. ஓடுபாதைக்குப் போறதுக்கு முன்னால விமானி ஒண்ணை அணைச்சுப் பார்ப்பார், அதைப் போட்டுட்டு அடுத்ததை அணைச்சுப் பார்ப்பார். சுத்து எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் கணக்கு. காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டும் ஒரே அளவுதான் இறங்குச்சு. அதுக்கப்புறம் எனக்குப் பயம்ங்கிறதே இல்ல.

3 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழிச்சு

விட்டுப்போச்சு: பிரேக் கிடையாது. சக்கரத்துக்கு மரக்கட்டை அண்டக் குடுத்துத்தான் நிறுத்துறாங்க. தரையில ஓடும்போது மூக்கு மறைக்கிறதால இடமும் வலமுமா வளைஞ்சு வளைஞ்சு, பக்கவாட்டுல எட்டிப் பார்த்துக்கிட்டே ஓட்டுவார்.

4 ஏப்ரல்

தல்லாகுளத்து அண்ணன் "ஜிப்சின்னா மாருதி ஜிப்சியா"ன்னு கேட்டிருக்கார். இல்லண்ணே. ஆனா நம்ம நாட்டுக்கும் இந்த என்ஜினுக்கும் சொந்தம் உண்டு. ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15ல கராச்சியிலருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தாரே, அந்த புஸ் மாத் விமானமும் டைகர் மாத் செஞ்ச அதே டி ஹாவிலண்ட் கம்பெனி செஞ்சதுதான். அதுலயும் தலைகீழ் ஜிப்சிதான், இதுக்கு முந்தின வகை. அந்தத் தபாலை பம்பாயிலருந்து பெல்லாரி வழியா மெட்ராசுக்குக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். டாடாவோட அந்தத் தபால் சேவையே பின்னால ஏர் இந்தியா ஆச்சு.

டைகர் மாத் 1931ல முதல்ல பறந்தது. எட்டாயிரத்துக்கும் மேல செஞ்சாங்க. போர்க்காலத்துல நம்ம விமானப் படைப் பசங்களும் இதுலதான் பழகினாங்க. படையோட விண்டேஜ் பிரிவுல ஒண்ணு இன்னும் இருக்கு, 2012ல ஹிண்டன்ல விமானப் படை நாளுக்குப் பறந்துச்சு. அது அணிவகுப்புக்குப் பறக்குறது, டிக்கெட் வாங்கி ஏற முடியாது.

6 ஏப்ரல்

பழைய விமான என்ஜின்ல விளக்கெண்ணெய் ஊத்தி ஓட்டினாங்களாமே, உண்மையான்னு ஒருத்தர் கேட்டார். உண்மைதான், ஆனா டைகர் மாத்துல இல்ல. அதுக்கு முந்தின தலைமுறை, முதல் உலகப் போர் விமானங்கள்ல இருந்த ரோட்டரி என்ஜின். அதுல கிராங்க் ஷாஃப்ட் நிக்கும், சிலிண்டர் எல்லாம் சேர்ந்து சுத்தும். பெட்ரோலும் எண்ணெயும் கிராங்க் கேஸ்ல ஒண்ணாப் போகும். சாதா எண்ணெய் பெட்ரோல்ல கரைஞ்சு மசகு போயிரும், விளக்கெண்ணெய் அவ்வளவு லேசாக் கரையாது. எரிஞ்சது போக மிச்சம் ஓட்டுறவர் மூஞ்சியில வந்து அடிக்கும். அதை முழுங்கினவங்க பாடு என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

7 ஏப்ரல்

ஆனையூர் அக்கா கேட்டது நியாயமான கேள்வி: "மரமும் துணியுமா இருக்கிற கிழட்டு விமானத்துல வயசான மனுசனை ஏத்தலாமா?"

உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டம்க்கா. இறக்கை மரம், மேல துணி. துணியை இழுத்துக் கட்டி டோப்புன்னு ஒரு திரவம் பூசுவாங்க. காயக் காயத் துணி சுருங்கி விறைச்சுக்கும். விரலால சுண்டினேன், தட்டின இடம் எல்லாம் ஒரே சத்தம். துணி பழசானா உரிச்சுப் புதுசாக் கட்டுவாங்க. உரிக்கும்போது உள்ள இருக்கிற மரத்துல பசை போட்டு ஒட்டின ஒவ்வொரு இடத்தையும் பார்த்துருவாங்க. என்ஜின் இத்தனை மணி நேரம் ஓடினதும் முழுசாப் பிரிச்சுப் பூட்டணும்னு கணக்கு, எல்லாம் புத்தகத்துல ஏறும். விமானத்தோட வயசைக் கேக்காதீங்க, அந்தப் புத்தகத்தைக் கேளுங்க.

8 ஏப்ரல்

நேத்து எழுதினது பாதிதான். படுத்த பிறகும் அதே யோசனை. பழைய விமானம் விழுந்ததே இல்லையான்னு அக்கா அடுத்துக் கேப்பாங்க, கேக்கணும்.

2018 ஆகஸ்ட் 4ல சுவிட்சர்லாந்துல யுங்கர்ஸ் 52ன்னு ஒரு பழைய ஜெர்மன் விமானம் மலையில மோதுச்சு. 1939ல செஞ்சது. சுத்திப் பார்க்கக் கிளம்பினவங்கதான் உள்ள இருந்தாங்க. 20 பேரும் போயிட்டாங்க. விசாரணையில பராமரிப்புக் குறைகள் தெரிய வந்துச்சு. ஆனா விழுந்ததுக்குக் காரணம்னு எழுதினது ஓட்டின விதத்தைத்தான். திரும்ப வழியில்லாத குறுகின பள்ளத்தாக்குக்குள்ள ரொம்பத் தாழ்வா, ரொம்ப மெதுவாப் போயிருக்காங்க. அடுத்த வருஷம் அக்டோபர் 2ல அமெரிக்காவுல போர்க்கால பி-17 குண்டுவீச்சு விமானம் ஒண்ணு விழுந்துச்சு. ஏழு பேர் போயிட்டாங்க. அதுல ஒரு என்ஜின் கோளாறாகி நிறுத்திட்டுத் திரும்பி வரும்போது வேகத்தைச் சரியா வச்சுக்கல. என்ஜின்கள்ல மேக்னெட்டோவும் பிளக்கும் ஒழுங்கா இல்லன்னும் அறிக்கை சொல்லுது. அந்த வரியைப் படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பிளக் இடைவெளி பார்க்குறது பட்டறையில முதல் மாசம் சேர்ற பையனுக்குக் குடுக்குற வேலை. காசு வாங்கி ஆளை ஏத்துற விமானத்துல அதைப் பார்க்கலைன்னா அந்த வேலைக்கே வரக் கூடாது.

அதனால ஏறப் போற இடத்துல கேளுங்க. யார் ஓட்டுறா, எந்த உரிமம், எந்த ஆணையத்தோட மேற்பார்வை, காத்து எவ்வளவு அடிச்சா ரத்து பண்ணுவீங்க. ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய போர் விமானத்துல ஏறினா, இது சாதாரணப் பயணி விமானத்தோட பாதுகாப்பு அளவுல இல்லைன்னு எழுதின தாள்ல கையெழுத்துக் கேப்பாங்க. படிச்சுட்டுப் போடுங்க. (ஸ்பிட்ஃபயருக்குப் பல ஆயிரம் பவுண்டு. திருநகர்த் தம்பி அதை விசாரிச்சிருந்தா இழையே வேற தலைப்புல ஓடியிருக்கும்.)

12 ஏப்ரல்

என்ஜினைப் பத்தியே பேசுறீங்க, பறந்ததைச் சொல்லுங்கன்னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க. சரி.

உக்காருறதுக்கு முன்னும் பின்னுமா ரெண்டு குழி. தனியா ஓட்டும்போது பின் சீட்டுலதான் ஓட்டுவாங்க. எனக்கு முன் சீட்டு. தோல் தொப்பி, அதுக்குள்ள காதுல பேசுற கருவி. அந்தக் காலத்துல ரப்பர் குழாய் வழியாத்தான் பேசிக்குவாங்களாம்.

புல் தரையில ஓடும்போது முதல்ல வால் எழும்புது, மூக்கு இறங்குது, எதிர்ல இருக்கிறது முதல் தடவையாத் தெரியுது. அப்புறம் புல்லோட தடதடப்பு நின்னு போகுது. அவ்வளவுதான் புறப்பாடு. ஜெட்ல முதுகை சீட்டோட அழுத்துமே, அந்த வேலையே இங்க இல்ல.

பக்கத்துலயே எம்11 நெடுஞ்சாலை. எங்க வேகம் மணிக்கு 130 கிலோமீட்டருக்குள்ள, எதிர்க்காத்து வேற. கீழ போற கார்கள் எங்களோட கூடவே வருது, ரெண்டு மூணு முந்தியும் போயிருச்சு. ஆயிரம் அடி சொச்சத்துல வெட்டின புல்லோட வாசனை மேல வரைக்கும் வந்துச்சு. இது சத்தியம்.

கொஞ்ச நேரத்துல விமானி ஓட்டுற ஸ்டிக்கை என் கையில குடுத்துட்டார். வலது பக்கம் சாய்ச்சேன். விமானம் வலது பக்கம் சாயுது, ஆனா மூக்கு இடது பக்கம் நகருது! அய்லெரான், அதாவது இறக்கையோட பின் ஓரத்துல மேலயும் கீழயும் மடங்குற பலகை, கீழ் இறக்கையில மட்டும்தான் இருக்கு. வலது பக்கம் சாயணும்னா இடது அய்லெரான் கீழ மடங்கி இறக்கையைத் தூக்கணும். தூக்குறப்பவே காத்துல இழுத்து அந்தப் பக்கத்தைப் பின்னுக்குப் பிடிக்குது. புத்தகத்துல படிச்சது இது. ஆனா அன்னிக்கு என் வலது கன்னத்துல காத்து வந்து அடிச்சுது. பின்னாலருந்து அவர், "கன்னத்துல காத்து தெரியுதா? அந்தப் பக்கத்துப் பெடலை மிதிங்க"ன்னார். மிதிச்சேன். காத்து கன்னத்தை விட்டு நேரா முன்னுக்கு வந்துருச்சு, திருப்பமும் வழுக்காம அமைஞ்சுச்சு. அதுக்கான மீட்டர் எதையும் நான் பார்க்கவே இல்ல. கன்னமே போதும்.

திருநகர்த் தம்பி, 20 நிமிஷத்துல இந்த ஒரு நிமிஷத்துக்கே காசு சரியாப் போச்சு.

13 ஏப்ரல்

லூப், அதாவது வானத்துல தலைகீழா ஒரு வட்டம், அடிக்கச் சொல்லலாமான்னு ஒரு கேள்வி. ஆமா, சொல்லலாம், சில இடத்துல பண்ணுவாங்க. நான் கேக்கல. நிதானமாப் பார்க்கத்தான் போனேன்.

10 மே

திருவிழா வேலை, இந்தப் பக்கம் வரவே முடியல. நேத்து மாசி வீதியில தேர் பார்த்துட்டு நிக்கும்போது ஆனையூர் அக்கா ஞாபகம் வந்துச்சு. அச்சு மாத்தியிருப்பாங்க, சக்கரம் மாத்தியிருப்பாங்க, மேல கட்டுற துணி வருஷா வருஷம் புதுசு. ஆனா அது அந்தத் தேர்தான். டைகர் மாத்தும் அப்படித்தான்க்கா. முதல் நாள் போட்ட மரம் இப்ப எவ்வளவு மிச்சம்னு யாரும் கேக்குறதில்ல. வடம் பிடிக்கத் தகுதியா இருக்கான்னு பார்க்குற கண்ணு வழிவழியா வந்துக்கிட்டே இருக்கணும். டக்ஸ்ஃபோர்டு ஹேங்கர்ல ஒரு சின்னப் பொண்ணு, இருபது வயசுகூட இருக்காது, இறக்கைக் கம்பியோட இறுக்கத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா. அந்தக் கண்ணு அங்க இருக்கு.

11 மே

ஏப்ரல்ல எழுதினதை எல்லாம் மறுபடி படிச்சேன். எதைப் பார்த்தேன்னு எழுதவே இல்ல. கண்ணுக்குத் தெரிஞ்சதையும் சொல்லணும், ஏன்னா அதுலதான் நம்ம ஊர் விஷயம் இருக்கு.

கேம்பிரிட்ஜ் பக்கம் தட்டையான பூமி. ஜெட்லருந்து பார்த்தா பச்சைக் கட்டம், முடிஞ்சுச்சு. ஆயிரம் அடியில, அந்த மெதுவான வேகத்துல பார்த்தா, வயலுக்குள்ள கோடு தெரியுது. ஒரு கோதுமை வயல்ல வட்டமா ஒரு கரும்பச்சை வளையம். கேட்டா, பழைய காலத்து அகழியா இருக்கலாம்னார். மண்ணுக்குள்ள தூர்ந்துபோன பள்ளத்துல ஈரம் தங்கும், அந்த இடத்துப் பயிர் மட்டும் செழிச்சு நிக்கும். தரையில நின்னா ஒண்ணும் தெரியாது. போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சின்ன விமானத்துல போய் இதையே வருஷக்கணக்கா படம் எடுத்துச் சேர்த்து வச்சிருக்கு.

அப்பவே எனக்கு மனசு ஊருக்கு வந்துருச்சு. மழை முடிஞ்ச கார்த்திகை மாசத்துல இதே உயரத்துல மதுரை மேல போனா என்ன தெரியும்? ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு சதுரத்துக்குள்ள சதுரம், எல்லாரும் சொல்றதுதான். யானைமலை முதுகு, நாகமலை நீட்டு, அதுவும் சரி. எனக்கு வேண்டியது கண்மாய். மாடக்குளம், வண்டியூர், செல்லூர், சுத்தி இருக்கிற சின்னச் சின்ன ஊர்க் கண்மாய் எல்லாம். ஒண்ணு நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்ததுக்குப் போகும்னு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தாங்க. கரையில நிக்கும்போது ஒரு கண்மாய்தான் தெரியும். சங்கிலி முழுசாத் தெரியணும்னா இந்த உயரம் வேணும், இந்த வேகம் வேணும். எந்த வாய்க்காலை எந்த பிளாட் மறிச்சு நிக்குதுன்னும் சேர்த்தே தெரியும்.

செயற்கைக்கோள் படம் இருக்கே, போன்லயே பாக்கலாமேன்னு இப்பவே யாரோ டைப் அடிப்பீங்க. பார்த்தேன், விரலால பெருசாக்கியும் பார்த்தேன். அது நேர் மேலருந்து எடுத்தது, கரையோட உயரம் தெரியாது. சாய்வாப் பார்க்கும்போதுதான் எது மேடு, எது பள்ளம், தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு புரியுது.

11 மே, இரவு

கீழடி மேல பறந்தா பூமிக்குள்ள இருக்கிறது தெரியுமான்னு தல்லாகுளத்து அண்ணன். தோண்டினதே தென்னந்தோப்புலண்ணே. மேலருந்து பார்த்தா மட்டைதான் தெரியும்.

நம்ம ஊர்ல இப்படி ஒரு விமானம் ஏன் இல்லைன்னு கேட்டவருக்கு: பெருங்குடி விமான நிலையமே 1942ல ராணுவத்துக்காக வந்த தளம்தான், ஓடுபாதைக்குக் குறைச்சல் இல்ல. ஆனா பழைய விமானம் ஒண்ணை ஓட வைக்கணும்னா உதிரி பாகம், கையெழுத்துப் போடுற உரிமை உள்ள மெக்கானிக், வார வாரம் ஏற வர்ற கூட்டம் மூணும் சேரணும். அங்க அந்த மூணும் ஒரே ஊர்ல இருக்கு. ஆஸ்திரேலியாவுலயும் ஆயிரத்துக்கு மேல டைகர் மாத் செஞ்சாங்க, அங்க சொந்தக்காரங்க இருந்தா அங்கேயும் ஏறலாம். அதுவரைக்கும் திருப்பரங்குன்றம் மலை உச்சிக்கு ஏறுங்க. மழைக்குப் பிறகு காலையில ஏறுங்க, கண்மாய் நாலஞ்சு கண்ணுல படும்.

19 மே

திருநகர்த் தம்பி தனி மெசேஜ்ல எழுதினதை அவர் சொல்லியே இங்க போடுறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, முட்டி லேசா வலி, ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவர். டைகர் மாத்தா, இல்ல டிராகன் ராபிட்டான்னு கேட்டிருக்கார்.

ராபிட் 1934ல வந்தது. அதுவும் ரெண்டு அடுக்கு இறக்கை, மரமும் துணியும். ஆனா ரெண்டு என்ஜின், மூடின கேபின், எட்டுப் பேர் வரைக்கும் உக்காரலாம். நீங்களும் அண்ணனும் அப்பாவும் ஒண்ணாப் போகலாம். குளிர் இல்ல. ஏறும்போது மட்டும் கவனம், வால் தரையில இருக்கிறதால கேபின் தரை மேல் நோக்கிச் சரிஞ்சிருக்கும், பிடிச்சுப் பிடிச்சுத்தான் முன் சீட்டுக்குப் போகணும். முட்டி வலிக்காரருக்கு இதுதான்னு போன வாரமே டைப் பண்ணி அனுப்பாம வச்சிருந்தேன்.

அவர் ஃபிட்டர்னு தெரிஞ்ச பிறகு எனக்கு மனசு மாறிருச்சு. வாழ்நாள் முழுக்க ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் காதால கேட்டே வேலை பார்த்த மனுஷனை மூடின கேபின்ல பின்னால உக்கார வைக்கக் கூடாது. டைகர் மாத்ல முன் சீட்டு குடுங்க, அந்த என்ஜின் அவர் முட்டிக்கு முன்னாலயே ஓடட்டும். முட்டி தாங்குமான்னு இங்கேயே சோதிச்சுப் பாருங்க. பெஞ்சு மேல ஏறி நின்னு, ஒரு கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடியணும். அதுதான் அந்தக் குழிக்குள்ள இறங்குற வேலை, குறுக்க கம்பி வேற இருக்கும். முடியலைன்னா ராபிட், அதுல ஒரு குறையும் இல்ல.

21 மே

முடிஞ்சுதாம். ரெண்டு காலும் தூக்கினாராம். "பெஞ்சு ஆடுது, அதை முதல்ல சரி பண்ணு"ன்னாராம். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இனி பதிவு விஷயம். காலை நேரமா எடுங்க, வெயில் ஏற ஏறக் காத்து தூக்கிப் போடும். மழை, காத்துன்னா ரத்து பண்ணுவாங்க, பண்ணத்தான் வேணும். ஊர் திரும்புறதுக்கு முதல் நாளா எடுக்காதீங்க, போன முதல் வாரத்துலயே எடுங்க. வேற தேதிக்கு மாத்துறது எப்படின்னு பணம் கட்டுறதுக்கு முன்னாலயே கேட்டுக்குங்க. ஜூன் ஆனாலும் மேல குளிரும், உள்ள ஸ்வெட்டர், மேல காத்துப் புகாத ஜாக்கெட். வேட்டி வேண்டாம், பேன்ட். லேஸ் கட்டின ஷூ. மேல் பையில சில்லறை, கண்ணாடிக் கூடு, பேனா எதுவும் வேண்டாம், கழன்டு விழுந்தா பெடல் பக்கம் போயிரும். எடை வரம்பு உண்டு, அங்க நிறுத்துப் பார்ப்பாங்க. ஜாக்கெட், ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு ஒரு தடவை எடை பார்த்து அந்தக் கிலோவைச் சொல்லுங்க.

மேக்னெட்டோ சோதனை பண்ணும்போது அப்பாவை உன்னிப்பாக் கேக்கச் சொல்லுங்க. எவ்வளவு இறங்குச்சுன்னு வந்து இங்க எழுதணும், நீங்க இல்ல, அவரே.